கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் போய்வர எண்ணுவோருக்கு

ஊரிலிருந்து அடுத்த மாதம் வரவிருக்கும் உங்கள் பெற்றோரை மெல்பர்னிலிருந்து கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலைக்கு ஒரே நாளில் அழைத்துச் சென்று திரும்ப இயலுமா, வழிகாட்டியோடு செல்லும் பேருந்துச் சுற்றுலாவில் இடம் பதிவு செய்வதா அல்லது நீங்களே கார் ஓட்டிச் செல்வதா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது என்றும், அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்றும், இருவரும் சைவ உணவே உண்பவர்கள் என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். பதினைந்து ஆண்டுகளாக மெல்பர்னில் வசித்து, விருந்தினர் வரும்போதெல்லாம் இந்தச் சாலைக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான விடை. ஒரே நாளில் போய்வரலாம். உங்கள் பெற்றோருக்குப் பேருந்துச் சுற்றுலாவே பொருத்தம். நாம் பழகிய இடப்பக்கப் போக்குவரத்துதான் இங்கும் உண்டு என்பதால் கார் ஓட்டுவது கடினமன்று. ஆனால் கடலோரமாகப் போய் உள்நாட்டு நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினால் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஆகிறது. அதில் லார்ன் ஊரிலிருந்து அப்போலோ பே வரையிலான பகுதி ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் கடலுமாக வளைந்து வளைந்து செல்வது. ஓட்டுபவர் அங்கே சாலையை விட்டுக் கண்ணை எடுக்க இயலாது. எந்தப் பகுதிக்காக இத்தனை பேர் இவ்வளவு தொலைவு வருகிறார்களோ அந்தப் பகுதியை ஓட்டுநர் ஒருவர் மட்டும் பார்க்காமலே திரும்புவார். மாலையில் இருட்டிய பிறகு மேய்ச்சல் நிலங்களின் நடுவே திரும்பி வருகையில் கங்காரு குறுக்கே பாயும் அபாயமும் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரப் பயணத்தின் கடைசிப் பகுதியில் களைத்த கண்களோடு அதை எதிர்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பேருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. சொல்லப்போனால் அதுவே முதன்மையான காரணம். இங்கே வருவோரில் பலர், பன்னிரு அப்போஸ்தலர் என்னும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களைப் பார்ப்பதற்கான வழி என்றே இந்தச் சாலையைக் கருதுகிறார்கள். ஆனால் இந்தச் சாலையே ஒரு நினைவுச்சின்னம். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா ஏறத்தாழ 60,000 வீரர்களை இழந்தது. அவர்களின் நினைவாக, அந்தப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய வீரர்களின் கைகளாலேயே கட்டப்பட்ட சாலை இது. உலகின் மிகப் பெரிய போர் நினைவுச்சின்னம் என்று இதைக் குறிப்பிடுவார்கள். டார்க்கி முதல் வார்னம்பூலுக்கு அருகிலுள்ள ஆலன்ஸ்ஃபர்ட் வரை இதன் நீளம் 243 கிலோமீட்டர். 2011-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுச் சின்னங்களின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. நல்ல வழிகாட்டி ஒருவர் ஒலிபெருக்கியில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வண்டியை வளைவுகளில் செலுத்தும்போது, சன்னலுக்கு வெளியே தெரியும் பாறைச்சுவரின் பொருளே மாறிவிடுகிறது. காரில் தனியே போனால் இது கிடைப்பதில்லை.

அந்தக் கதையைக் கொஞ்சம் நானும் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டி சொல்லாமல் விட்டால் நீங்கள் உங்கள் அப்பாவுக்குச் சொல்லலாம். போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை வேண்டியிருந்தது. இந்தக் கடற்கரையின் சிற்றூர்களுக்கோ நல்ல சாலை இல்லை. விக்டோரியா மாநிலத்தின் கிராமச் சாலைகள் வாரியத் தலைவராக இருந்த வில்லியம் கால்டர் இந்த இரண்டையும் இணைத்து யோசித்தார். ஜீலாங் நகரின் மேயராக இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக் 1918-இல் இதற்கென அமைந்த அறக்கட்டளைக்குத் தலைமை ஏற்று நிதி திரட்டினார். 1919 செப்டம்பர் 19 அன்று வேலை தொடங்கியது. ஏறத்தாழ 3,000 பேர் மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு செங்குத்தான சரிவுகளைக் குடைந்து வழி உண்டாக்கினார்கள். எட்டு மணி நேர வேலைக்குப் பத்தரை ஷில்லிங் கூலி, தங்கியது கூடாரங்களில், முகாமில் ஒரு பியானோவும் இருந்ததாம். பாறையை உடைக்கும் வெடிகளுக்கான டெட்டனேட்டர்களை வண்டியில் கொண்டுவரும்போது, குலுங்கி வெடித்துவிடாமல் இருக்க அவற்றைத் தங்கள் மடியின்மேல் வைத்துக்கொண்டு வந்தார்களாம். போர்க்களத்தில் குண்டுச் சத்தத்தில் வாழ்ந்து மீண்ட மனிதர்கள் மறுபடியும் வெடிமருந்தை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்த காட்சியை நான் எண்ணிப் பார்க்காமல் அந்த வளைவுகளைக் கடந்ததே இல்லை.

1924-இல் காசினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே பாறையில் மோதித் தட்டி நின்றபோது, எடையைக் குறைப்பதற்காக 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளிவிட்டார்கள். அவை கரையொதுங்கியதும் சாலை வேலை இரண்டு வாரம் நின்றுபோயிற்று. எல்லா வழிகாட்டிகளும் இதைச் சொல்லுவார்கள், வண்டியே சிரிக்கும். ஆனால் ஹிட்ச்காக்கின் முடிவைப் பலர் சொல்வதில்லை. 1932 நவம்பரில் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநரின் வண்டிக்குப் பின்னால் அவருடைய காரை, அவர் இல்லாமலேயே, ஓட்டிச் சென்றார்கள். கட்டுமானச் செலவை மீட்பதற்காக வசூலிக்கப்பட்ட சுங்கம், 1936-இல் சாலை மாநில அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை தொடர்ந்தது.

இனி, எந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். இங்கு இரண்டு வகை உண்டு. ஒன்று, காலையில் டார்க்கி வழியாகக் கடலோரமாகச் சென்று, பிற்பகலில் பாறைத் தூண்களைப் பார்த்துவிட்டு, கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் திரும்புவது. மற்றொன்று அதன் மறுதலை: முதலில் உள்நாட்டு வழியாக நேரே பாறைத் தூண்களுக்குப் போய், கூட்டம் சேருமுன் அவற்றைப் பார்த்துவிட்டு, கடலோரமாகத் திரும்புவது. இரண்டாவதற்கு ஆதரவாகப் பலர் பேசுவதை நான் அறிவேன். காலையில் போனால் பார்வை மேடையில் நெரிசல் குறைவு என்பதும் உண்மையே. ஆயினும் நான் முதல் வகையையே பரிந்துரைக்கிறேன். லார்ன் முதல் அப்போலோ பே வரையிலான கரை தென்கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேரே விழும்போதுதான் அந்தக் கடலின் பச்சையும் நீலமும் தெளிவாகத் தெரிகின்றன. மறுதலை வழியில் வந்தால் அந்தப் பகுதி மலைநிழலில் மங்கியிருக்கும். மே முதல் ஜூலை வரையிலான குளிர்மாதங்களில் ஐந்தரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதால், கடலோரத்தின் கடைசிப் பகுதியை இருட்டில் கடக்க நேரிடும். வண்டியில் பாதிப் பேர் அதற்குள் தூங்கியும் போயிருப்பார்கள்.

முதல் வகையில் போவதானால் பெற்றோரை வண்டியின் இடப்பக்க இருக்கைகளில் உட்காரச் சொல்லுங்கள். மேற்கு நோக்கிப் போகும்போது கடல் இடப்பக்கம். நமது தடமும் கடலை ஒட்டியதே. வளைவுகளில் குமட்டல் வரக்கூடியவர்கள் முன்வரிசையில் அமர்வதும், லார்னுக்கு முன்பே அதற்கான மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் நல்லது. ஐம்பது இருக்கைகள் கொண்ட பெரிய பேருந்தைவிட இருபது, இருபத்தைந்து பேர் செல்லும் சிறு வண்டி மேல். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் இறங்கி ஏறவே பெரிய பேருந்தில் கணிசமான நேரம் போய்விடுகிறது. நான் முதன்முதலாகப் போன சுற்றுலாவில் காலைத் தேநீருக்கும் நினைவுப் பொருள் கடைக்கும் முக்கால் மணி நேரத்திற்கு மேல் செலவிட்டுவிட்டு, பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் புகுந்துவரும் லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்குப் பதினைந்து நிமிடமே கொடுத்தார்கள். படியிறங்கிக் காலை மணலில் வைத்ததும் திரும்ப ஏற வேண்டியதாயிற்று. ஆகவே பதிவு செய்யுமுன், அப்போஸ்தலர் பாறைகளுக்கும் லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்திற்குக் குறைவென்றால் வேறு சுற்றுலாவைப் பாருங்கள்.

வழக்கமாகக் காலை ஏழு, ஏழரைக்குள் மெல்பர்னிலிருந்து வண்டி புறப்படும். நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள டார்க்கி அலைச்சறுக்கு விளையாட்டின் ஊர்; அதை அடுத்த பெல்ஸ் பீச்சில் 1962 முதல் போட்டி நடந்துவருகிறது. இந்த விளையாட்டில் ஆர்வமில்லாதவர்களுக்கு இங்கே அதிக நேரம் தேவைப்படாது. ஏரீஸ் இன்லெட் அருகே 1891-இல் கட்டப்பட்ட வெண்ணிறக் கலங்கரை விளக்கம் சிறிது நேரம் கண்ணில் பட்டு மறையும்.

அதைக் கடந்ததும் ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான நினைவு வளைவு நிற்கிறது. படம் எடுப்பதற்காக எல்லா வண்டிகளும் நிற்கும் இடம் இது. இறங்கியதும் வளைவின்கீழ் சாலையில் நின்று படம் எடுக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது போக்குவரத்து ஓயாத நெடுஞ்சாலை. பக்கத்திலேயே, சாலை வேலையில் ஈடுபட்ட போர்வீரர் இருவரின் சிலை இருக்கிறது. அங்கே கொஞ்சம் நிற்பது நல்லது. 1983 பிப்ரவரியில் சாம்பல் புதன் அன்று பரவிய காட்டுத்தீயில் இந்த வளைவு எரிந்துபோய், பிறகு மீண்டும் கட்டப்பட்டது. இந்தக் கரையில் தீ என்பது பழங்கதையன்று. சற்று தள்ளியுள்ள வை ரிவரிலும் செபரேஷன் கிரீக்கிலும் 2015 கிறிஸ்துமஸ் நாளில் 116 வீடுகள் எரிந்தன. முன்கூட்டியே வெளியேறியதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கோடையில் மிகக் கடுமையான தீ அபாய நாள் என்று அறிவிக்கப்பட்டால் தேசியப் பூங்காக்களை மூடிவிடுவார்கள். ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை பயணம் என்றால், தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சீட்டை வாங்குவது நலம்.

கென்னட் ரிவர் என்ற சிறிய நிறுத்தத்தில், மரத்தில் வாழும் கோலா என்ற விலங்கைத் தேடலாம். தேடும் முறை ஒன்று உண்டு: இலைகளுக்குள் பார்க்கக் கூடாது, கிளை பிரியும் கவட்டையைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில், யாரோ சுருட்டி வைத்த கம்பளித் துண்டு போல ஒன்று அங்கே இடுக்கிக்கொண்டிருக்கும். காற்றில் மரம் ஆட அதுவும் கூடவே ஆடும். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் காதோரத்து வெள்ளை முடி புலப்படும். நாளில் இருபது மணி நேரம் வரை தூங்குகிற விலங்கு என்பதால் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். சில நாள் ஒன்றுகூடக் கிடைக்காமலும் போகும். அங்கே பறந்து வந்து தோளில் உட்காரும் கிளிகளுக்குத் தீனி கொடுக்காமல் இருப்பது அவற்றுக்கு நல்லது. உங்கள் பெற்றோருக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தி: நீலகிரியில் தைலம் காய்ச்சுகிற நீலத் தைல மரத்தின் தாயகங்களில் இந்த ஆட்வே மலைப்பகுதியும் ஒன்று. இலை ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தால் ஊட்டி நினைவுக்கு வந்துவிடும்.

மதிய உணவுக்குப் பெரும்பாலும் அப்போலோ பேயில் நிறுத்துவார்கள். சைவர்களுக்கு இங்கே உருளைக்கிழங்கு வறுவல், பீட்சா, காய்கறி அடைத்த பேஸ்ட்ரி ஆகியவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் அமையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொடுத்துவிட்டால், கடலைப் பார்த்த புல்வெளியில் அமர்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் இதுவே வழக்கம்.

அப்போலோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி ஆட்வே காட்டுக்குள் ஏறிவிடும். கடற்கரைச் சாலை என்று சொன்னார்களே, கடல் எங்கே என்று பலர் இந்த இடத்தில் கேட்பதுண்டு. வண்டி மெய்ட்ஸ் ரெஸ்டில் நிற்குமானால் கட்டாயம் இறங்குங்கள். 800 மீட்டர் அளவே உள்ள நடைபாதை அது. ஆள் உயரத்தைத் தாண்டிய பெரணி மரங்களும், பாசி படர்ந்த பழைய பீச் (beech) மரங்களும், உலகின் மிக உயரமான பூக்கும் தாவர இனமான மவுண்டன் ஆஷ் என்னும் யூகலிப்டஸ் மரங்களும் அங்கே உண்டு. வெயில் நாளிலும் பாதை ஈரமாக இருக்கும் என்பதால் அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி வேண்டும். காட்டின் தென்முனையில் 1848-இல் ஏற்றப்பட்ட கேப் ஆட்வே கலங்கரை விளக்கம், ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எஞ்சியுள்ளவற்றில் மிகப் பழையது; ஆனால் ஒருநாள் சுற்றுலாவில் அதற்கு நேரம் அமைவது அரிது.

பிற்பகலில் போர்ட் கேம்ப்பெல் தேசியப் பூங்காவை அடைவீர்கள். முதலில் வருவது கிப்சன் படிகள்; பாறை முகட்டிலிருந்து கடற்கரைக்கு 86 படிகள். அம்மா மேலேயே நின்று பார்ப்பது போதும். அப்போஸ்தலர் பாறைகளுக்குப் படிச் சிரமம் இல்லை. சாலைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாகப் பத்து நிமிட நடையில் மேடைகளை அடையலாம். காற்று மட்டும் கோடையிலும் ஆளைத் தள்ளும். தென்பெருங்கடலிலிருந்து தடையின்றி வருகிற காற்று அது. காதை மூடும் குல்லாவும் காற்று புகாத மேலாடையும் இல்லாமல் அனுப்பிவிடாதீர்கள்.

பன்னிரண்டு என்று பெயர் இருந்தாலும் அங்கே ஒருபோதும் பன்னிரண்டு தூண்கள் இருந்ததில்லை. முன்பு இவற்றைப் பன்றியும் குட்டிகளும் என்று அழைத்தார்கள்; பிற்பாடு பயணிகளை ஈர்ப்பதற்காகப் புதுப்பெயர் வந்தது. 2005 ஜூலை 3 அன்று ஏறத்தாழ 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று சரிந்து வெறும் கற்குவியலாகிவிட்டது. கடலடியில் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்த சிப்பிகளும் கடலுயிர்களின் ஓடுகளும் இறுகி உண்டான மென்மையான சுண்ணாம்புப் பாறை இது. அலை முதலில் கடலுக்குள் நீண்ட பாறைமுனையில் குகையைக் குடைகிறது. இரு பக்கத்துக் குகைகளும் கூடும்போது வளைவாகிறது. வளைவின் மேற்பகுதி விழுந்ததும் தூண் தனித்து நிற்கிறது. ஒரு நாள் தூணும் விழுகிறது. மேடையில் நின்று மாலையில் மேற்கே பார்த்தால் தூண்கள் கருநிழலாகத் தெரியும். அதே இடத்தில் கிழக்கே திரும்பினால் கிப்சன் படிகளுக்கு அருகிலுள்ள இரண்டு தூண்கள் வெயில்பட்டுப் பழுத்த மாம்பழ நிறத்தில் நிற்கும். எல்லோரும் மேற்கே பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கிழக்கேயும் பாருங்கள்.

லாக் ஆர்ட் பள்ளத்தாக்கை நான் அப்போஸ்தலரைவிட மேலாக வைப்பவன். 1878 ஜூன் 1 அன்று இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு வந்த லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல், பயணம் முடியும் தறுவாயில், மூடுபனியில் வழி தெரியாமல் அருகிலுள்ள மட்டன்பேர்ட் தீவில் மோதி மூழ்கியது. 54 பேரில் இருவரே பிழைத்தார்கள். ஒருவர் டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி. மற்றொருவர் அயர்லாந்துப் பெண்ணான ஈவா கார்மைக்கேல். இருவருக்குமே வயது இருபதைத் தாண்டவில்லை. நீச்சல் தெரியாத ஈவா கோழிக்கூண்டு ஒன்றையும் பின்னர் ஒரு மரத்தண்டையும் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் மிதந்திருக்கிறாள். ஏற்கெனவே கரைசேர்ந்திருந்த டாம் அவள் அலறலைக் கேட்டு மறுபடியும் அந்தக் குளிர்கடலில் இறங்கி இழுத்துவந்தான். கரையொதுங்கிய பிராந்தியை அவளுக்குப் புகட்டிக் குகையில் படுக்க வைத்துவிட்டு, செங்குத்துப் பாறையில் ஏறி உதவி தேடிப் போனான். இருவரும் மணந்துகொள்வார்கள் என்று நாடே எதிர்பார்த்தது. உடன்வந்த பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அந்த ஓர் இரவில் இழந்த ஈவா, சில மாதங்களில் அயர்லாந்துக்கே திரும்பிச் சென்றுவிட்டாள்.

கீழே இறங்கி அந்த மணலில் நின்றால் இரு பக்கமும் மஞ்சள் பாறைச் சுவர்கள். நடுவே கடலுக்கு ஓர் ஒடுங்கிய வாயில். அதன் வழியாக அலை உள்ளே வந்து, வேகம் குறைந்து, காலடியில் நுரையாகப் பரவுகிறது. அந்த வாயிலின் அகலத்தைப் பார்த்தாலே டாம் மறுபடியும் உள்ளே நீந்தியது எத்தகைய செயல் என்பது விளங்கும். கீழே இறங்கப் படிகள் உண்டு, கைப்பிடியும் உண்டு. அம்மாவால் இயலாவிட்டால் மேலிருந்தே முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். அருகிலேயே கரையொதுங்கியவர்களின் சிறிய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. கப்பலில் வந்த ஆளுயர மயில் பீங்கான் சிலை ஒன்று கிட்டத்தட்டச் சேதமின்றிக் கரைசேர்ந்தது. அது இப்போது வார்னம்பூல் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது, ஒருநாள் பயணத்தில் எட்டாது.

லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலத்தையும் கேட்டிருந்தீர்கள். 1990 ஜனவரி 15 அன்று அதன் ஒரு வளைவு திடீரென இடிந்து விழ, கடல்பக்கத் துண்டில் மாட்டிக்கொண்ட இரு பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அது போர்ட் கேம்ப்பெல்லுக்கு மேற்கே இருப்பதால் சில சுற்றுலாக்கள் மட்டுமே போகும். அதற்காக மற்ற இடங்களில் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கிருந்து கோலாக் வழியாக மெல்பர்ன் மூன்று மணி நேரம். வழியில் ஏதேனும் ஓர் ஊரில் இரவு உணவுக்கு நிறுத்துவார்கள். எட்டரை, ஒன்பது மணிக்கு நகர மையத்தில் இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களை ரயிலில் வரச் சொல்லாமல் நீங்களே காரோடு போய்க் காத்திருங்கள். வீட்டில் சூடாக ரசமும் சோறும் இருக்கட்டும்.